அனாமத்துக் கணக்கில் ஒரு கதிர்க்குருவி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் கூடுகிற பறவை பார்க்கும் குழு எந்த ஊரில் இருந்தாலும், முதல் ஒரு மணி நேரம் சுலபமாக ஓடிவிடும். கூழைக்கடா, நாமக்கோழி, நீர்க்காகம், முக்குளிப்பான், மீன்கொத்தி... எல்லாமே ஒன்று பெரியவை, இல்லையென்றால் நிறமுள்ளவை, அதுவும் இல்லையென்றால் திறந்தவெளியில் உட்கார்ந்து நன்றாகக் காட்சி கொடுப்பவை. அன்றுதான் முதல்முறை வந்தவர்கூட பைனாகுலரை இரவல் வாங்கிப் பார்த்து, "ஆமா, தெரியுது!" என்று சொல்லிவிடுவார்.

சிக்கல் ஆரம்பிப்பது கரையை விட்டு இறங்கி ஒரு புங்கை மரத்தடியில் நிற்கும்போதுதான்.

மேலே இலைகளுக்கு நடுவில் ஏதோ அசைகிறது. இலையா, பறவையா என்று தெரிவதற்குள் வேறு கிளைக்குப் போய்விடுகிறது. குழுவை நடத்திச் செல்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பச்சைக் கதிர்க்குருவி" என்கிறார். இருபது பேரும் எழுதிக்கொள்கிறார்கள். பின்வரிசையில் நிற்கும் கல்லூரி மாணவி மட்டும், "எனக்குத் தெரியலையே சார்" என்கிறார். "பரவாயில்லம்மா, எழுதிக்கோ. இங்க எப்பவும் இருக்கிறதுதான்."

அவரும் எழுதிக்கொள்கிறார்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சொன்னவர் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும், அந்த மாணவி எழுதியது தவறு. அவர் எழுதியிருக்க வேண்டியது, "கதிர்க்குருவி 1, இனம் தெரியவில்லை" என்பதே. அப்படி எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பறவை பார்ப்பதில் ஒருவர் முதலில் கற்க வேண்டிய பாடமே அதுதான் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

யார் இந்தக் கதிர்க்குருவி?

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம். தமிழில் கதிர்க்குருவி என்று ஒரு பெரிய கூட்டத்தையே அழைக்கிறோம். தோட்டத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு கத்துகிற சாம்பல் கதிர்க்குருவி வருடம் முழுவதும் இங்கேயே இருப்பது. அதன் தூரத்து உறவினரான தையல்சிட்டும் அப்படித்தான். இவற்றை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. கஷ்டம் கொடுப்பவை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வடக்கிலிருந்து வலசை வருகிற கதிர்க்குருவிகள்.

பச்சைக் கதிர்க்குருவியையே எடுத்துக்கொள்வோம். இமயமலையில் தொடங்கி மத்திய ஆசியா, மேற்கு சைபீரியா வரையுள்ள காடுகளில் கூடு கட்டுகிற பறவை. குளிர்காலத்தில் தென்னிந்தியாவின் வேப்பமரத்திலும் புங்கை மரத்திலும் வந்து தங்குகிறது. எடை எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரு பத்து ரூபாய் நாணயம். (அந்த நாணயத்தின் எடை 7.71 கிராம்.) அவ்வளவு சிறிய உடம்பை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, ஒரு மரத்தைத் தன் இடமாகப் பிடித்து, மற்ற கதிர்க்குருவிகளை விரட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே பூச்சி பிடித்துத் தின்கிறது. களக்காடு முண்டந்துறையில் மதுசூதன் கட்டி என்ற ஆய்வாளர் 1990-களில் இந்த இலைக் கதிர்க்குருவிகளின் குளிர்கால வாழ்க்கையைத்தான் தன் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். ஆராய்வதற்கு அவ்வளவு விஷயம் இருக்கிறது இதில்.

பார்ப்பதற்கு? மேலே மங்கலான பச்சை, கீழே அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேலே வெளிறிய புருவம், இறகில் சில சமயம் தெரியும், சில சமயம் தெரியாத மெல்லிய ஒரு கோடு. அவ்வளவுதான். காகசஸ் மலைப்பகுதியிலிருந்து வருகிற இன்னொரு கதிர்க்குருவி உண்டு. அது கொஞ்சம் கூடுதல் பச்சை, கீழே கொஞ்சம் மஞ்சள். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு? காலை வெயில் இலை வழியாக இறங்கும்போது எல்லாப் பறவையுமே கொஞ்சம் பச்சைதான்!

புதருக்குள் போனால் வேறு கதை. பிளித் நாணல் கதிர்க்குருவி என்று ஒன்று. பெயரில்தான் நாணல். ஆள் இருப்பதெல்லாம் வேலியோரப் புதரிலும் முட்செடியிலும்தான். மேலே பழுப்பு, கீழே வெளிறிய பழுப்பு, குறிப்பிட்டுச் சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளித் 1849-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதற்கு வைத்த லத்தீன் சொல்லின் பொருளே 'புதர்களைச் சேர்ந்தது' என்பதுதான். கருவேல மரங்களின் பக்கம் போனால் இதைவிட வெளிறிய இன்னும் இரண்டு இனங்கள் இருக்கின்றன. அவை இரண்டும் ஒரே இனமா, வேறு வேறா என்பதிலேயே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்து, பிறகுதான் பிரித்தார்கள். நிபுணர்களுக்கே அந்தக் கதி என்றால், இரவல் பைனாகுலரோடு பின்வரிசையில் நிற்பவர் என்ன செய்வார்?

கண்ணால் முடியாததைக் காது செய்யும்

குழுவை நடத்திச் சென்றவர் நிமிர்ந்து பார்க்காமலேயே பெயர் சொன்னது வித்தை காட்டுவதற்காக இல்லை. அவர் காதால் கேட்டார். பச்சைக் கதிர்க்குருவி குளிர்காலம் முழுக்க, தன் மரத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு அசையில் ஒரு குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும்: "சிஸ்-லீ". காகசஸ் பறவைக்கு மூன்று அசை: "சி-சு-வீ". புதருக்குள் இருக்கும் பிளித், நாக்கைச் சப்புக்கொட்டுவது மாதிரி "செக்... செக்" என்கும். இலைக்குள் இருக்கும் பறவையை எண்ணுவதற்கு இந்த ஓசைகள்தான் சாவி.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இங்கிலாந்தில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார், 1768-ல் எழுதிய ஒரு கடிதத்தில், அதுவரை ஒரே பறவை என்று எண்ணப்பட்டவை உண்மையில் மூன்று இனங்கள் என்று சொன்னார். மூன்றும் கதிர்க்குருவிகள். அவரிடம் இன்றைய பைனாகுலர் இல்லை, கேமரா இல்லை. மூன்றும் மூன்று விதமாகப் பாடுகின்றன என்பதைப் பொறுமையாகக் கேட்டார். அவருடைய கடிதங்கள் 1789-ல் செல்போர்ன் என்ற அவருடைய ஊரின் பெயரோடு புத்தகமாக வந்தன. இன்றும் அச்சில் இருக்கிறது அந்தப் புத்தகம்.

இன்னொரு ஆச்சரியம். பச்சைக் கதிர்க்குருவிகள் திபெத் பீடபூமியைச் சுற்றி ஒரு வளையம் போலப் பரவியிருக்கின்றன. தெற்கே இமயமலையிலிருந்து கிழக்குப் பக்கமாகவும் மேற்குப் பக்கமாகவும் வடக்கே போகப் போக, பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. இரண்டு பக்கமும் சைபீரியாவில் மறுபடி சந்திக்கும்போது, ஒன்றின் பாட்டு மற்றதற்கு அந்நியமாகிவிடுகிறது. அவை தங்களுக்குள் இணை சேருவதில்லை. டேரன் எர்வினும் அவருடைய கூட்டாளிகளும் 2001-ல் இதை வெளியிட்டார்கள். அதாவது, தன் இனத்தை அடையாளம் காண அந்தப் பறவைகளே நம்பியிருப்பது பாட்டைத்தான். மனிதர்கள் மட்டும் நிறத்தை வைத்துக்கொண்டு போராடுகிறார்கள்.

சரி, குழுவில் அந்தக் குரல் எத்தனை பேர் காதில் விழுந்தது? முன்னால் நின்ற இரண்டு பேர் காதில் விழுந்திருக்கலாம். மீதிப் பேர் கேமரா லென்ஸ் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இருபது நோட்டிலும் ஒரே பெயர்.

வணிகவியல் சொல்லும் வழி

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'அனாமத்துக் கணக்கு' என்றால் தெரிந்திருக்கும். படிக்காதவர்களுக்காக ஒரு உதாரணம். ஒரு கடையின் வங்கிக் கணக்கில் 5,000 ரூபாய் வந்திருக்கிறது. யார் அனுப்பியது என்று தெரியவில்லை. கணக்கு எழுதுபவர் என்ன செய்ய வேண்டும்? பணம் வரவே இல்லை என்று விட்டுவிட முடியாது. வந்திருக்கிறது. "இந்தத் தெருவில் எப்போதும் பணம் தருகிறவர் முருகன் ஸ்டோர்ஸ்தான்" என்று முருகன் ஸ்டோர்ஸ் பேரில் வரவு வைக்கவும் முடியாது. வைத்தால் அடுத்த மாதம் இரண்டு பேரோடு சண்டை வரும். அனுப்பியவர் யாரென்று தெரியும்வரை அதை அனாமத்துக் கணக்கில் வைக்க வேண்டும். தெரிந்ததும் உரியவர் கணக்குக்கு மாற்றிவிட்டு, அனாமத்தை முடித்துவிட வேண்டும்.

கதிர்க்குருவிக்கும் அதே முறைதான். மரத்தில் ஒரு பறவை இருந்தது உண்மை. அதை எழுதாமல் விட்டால் கணக்கில் குறை. பெயர் தெரியாமலேயே பெயர் எழுதினால் கணக்கில் பொய். இரண்டுக்கும் நடுவில் ஒரு நேர்மையான இடம் இருக்கிறது. அதுதான் "இனம் தெரியவில்லை".

இன்னொரு விதியும் உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வவுச்சர் வேண்டும். பறவைப் பட்டியலில் வவுச்சர் என்பது கண்ணால் பார்த்த அடையாளம், அல்லது காதால் கேட்ட குரல். குழுத் தலைவரிடம் வவுச்சர் இருக்கிறது, எனவே அவர் எழுதலாம். பின்வரிசையில் நின்ற மாணவியிடம் இருப்பது "சார் சொன்னார்" என்ற வார்த்தை மட்டுமே. எந்தத் தணிக்கையாளரும் அதை ஏற்க மாட்டார்.

ஒரு குருவிதானே, என்ன வந்துவிடப் போகிறது?

பலரும் கேட்கிற கேள்வி இது. பொழுதுபோக்காக நடக்கப் போகிறவர்களிடம் தணிக்கை, வவுச்சர் என்றெல்லாம் பேசலாமா?

பேசலாம். ஏனென்றால் இந்தப் பட்டியல்கள் இப்போது நோட்டுப் புத்தகத்தோடு நிற்பதில்லை. 2002-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் இந்தியா முழுவதிலுமிருந்து பறவை ஆர்வலர்கள் தங்கள் பட்டியல்களை ஏற்றுகிறார்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் அதில்தான் ஏறுகிறது. அந்தப் பதிவுகளை வைத்துத்தான் 2023-ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வந்தது. 30,000-க்கும் மேற்பட்டவர்கள் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகளிலிருந்து 942 இனங்களின் நிலையை அது மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தகவல் இருந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்துவிட்டன என்றும் சொன்னது. தொலைதூரத்திலிருந்து வலசை வருகிற பறவைகளுக்கு அடி பலம்.

அந்த 30,000 பேரில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் இல்லை. வங்கி ஊழியர், ஆசிரியர், மாணவர், ஓய்வு பெற்றவர் என்று ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வருகிற சாதாரண மனிதர்கள். ஒரு பறவை இனம் குறைகிறதா இல்லையா என்று நாடு தெரிந்துகொள்வது இவர்கள் எழுதும் வரிகளிலிருந்து.

"குழுவாகப் போனால் ஒரே பட்டியலைத்தானே எல்லோருக்கும் பகிர்கிறார்கள்? ஆய்வாளர்கள் அதை ஒரு பட்டியலாகத்தானே எடுத்துக்கொள்வார்கள்?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். அப்படிப் பகிர்ந்த பட்டியலில் ஒரு கதிர்க்குருவி இருபதாகப் பெருகாது. (தனித்தனியாக ஏற்றினால் பெருகும் என்பது வேறு விஷயம்.) ஆனால் பிரச்சினை அந்த ஞாயிற்றுக்கிழமையில் இல்லை. அடுத்த வாரத்தில் இருக்கிறது.

அடுத்த வாரம் அந்த மாணவி தன் கல்லூரி வளாகத்தில் தனியாக நடக்கிறார். மரத்தில் பச்சையாக ஏதோ ஒன்று துள்ளுகிறது. அது குரல் கொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே பெயர் பச்சைக் கதிர்க்குருவி. "இங்க எப்பவும் இருக்கிறதுதான்" என்ற வாக்கியமும் மனதில் இருக்கிறது. எழுதிவிடுகிறார். இப்போது அது யாரோடும் பகிராத தனிப் பட்டியல். குழுவில் கற்றுக்கொண்டது பறவையை இல்லை, தெரியாததற்குத் தெரிந்த பெயரை வைக்கும் பழக்கத்தை.

இந்தப் பிழையை யாரும் பிடிக்கவும் மாட்டார்கள். யாராவது அபூர்வமான பறவை ஒன்றைப் பார்த்ததாக எழுதினால் தளமே, "நிஜமாகவா? விவரம் எழுதுங்கள்" என்று கேட்கும். சரிபார்ப்பவர்கள் படம் கேட்பார்கள். ஆனால் சாதாரணப் பறவையின் பெயரை எழுதினால் ஒரு கேள்வியும் வராது. பொய்யான அபூர்வத்துக்குக் காவல் இருக்கிறது, பொய்யான சாதாரணத்துக்குக் காவல் இல்லை. எழுதுகிறவரின் மனசாட்சி மட்டும்தான் காவல்.

தவறான பெயர் எவ்வளவு காலம் மறைக்கும்?

இதற்கு உண்மைக் கதை ஒன்று இருக்கிறது. கதாநாயகனும் கதிர்க்குருவிதான்.

ஏ.ஓ. ஹியூம் என்ற ஆங்கில அதிகாரியை 1885-ல் காங்கிரஸ் கட்சி தொடங்கக் காரணமாக இருந்தவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர் பெரிய பறவை ஆராய்ச்சியாளரும்கூட. 1867-ல் இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில், சட்லெஜ் பள்ளத்தாக்கில், அலகு பெரிதாக உள்ள ஒரு நாணல் கதிர்க்குருவியைச் சேகரித்தார். அதன் பிறகு அதே மாதிரி இன்னொன்று கிடைத்ததாக நூறு வருடங்களுக்கு மேல் யாரும் சொல்லவில்லை. ஒரே ஒரு பறவையை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? வேறொரு இனத்தின் சற்று வித்தியாசமான பறவையாக இருக்கலாம் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. 2002-ல் மரபணுவைச் சோதித்த பிறகுதான் அது தனி இனம் என்பது உறுதியானது.

2006 மார்ச் மாதம், தாய்லாந்தில் பாங்காக்குக்கு அருகே ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு மையத்தில், பிலிப் ரவுண்ட் என்ற பறவையியலாளர் வளையமிடுவதற்காக வலையில் பறவைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பறவை மட்டும் அவருக்குச் சரியாகப் படவில்லை. பிளித் நாணல் கதிர்க்குருவி போல இருக்கிறது, ஆனால் அலகு நீளம். "பிளித் தானே" என்று எழுதிவிட்டுப் பறக்கவிட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் படம் எடுத்துக்கொண்டார். இரண்டு இறகுகளை எடுத்து ஸ்வீடனுக்கு, ஸ்டஃபான் பென்ஷ் என்ற ஆய்வாளருக்கு அனுப்பினார். விடை வந்தது: ஹியூமின் பறவை. 139 வருடங்களுக்குப் பிறகு.

கதை இங்கே முடியவில்லை. சில மாதங்களில் இங்கிலாந்தின் டிரிங் நகரில் உள்ள அருங்காட்சியகத்தில் இன்னொரு மாதிரி அகப்பட்டது. வட இந்தியாவில் 1869-ல் சேகரித்தது. எங்கே இருந்தது தெரியுமா? பிளித் நாணல் கதிர்க்குருவிகளின் இழுப்பறையில்! தொடர்ந்து தேடியபோது இப்படித் தவறான பெயரோடு கிடந்த வேறு மாதிரிகளும் வெளியே வந்தன. பறவை காணாமல் போகவே இல்லை. சாதாரணப் பறவையின் பெயருக்குள் ஒளிந்திருந்தது.

2008-ல் ஆப்கானிஸ்தானின் வாகான் பகுதியில் ராபர்ட் டிம்மின்ஸ் என்பவர் ஒரு கதிர்க்குருவியின் பாட்டைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டார். பிறகு அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்டபோதுதான் அது என்னவாக இருக்கும் என்று புரிந்தது. 2009-ல் அங்கே கிட்டத்தட்ட 20 பறவைகளைப் பிடித்துச் சோதித்து விட்டார்கள். அவை ஹியூமின் பறவைகள்தான். அவை கூடு கட்டும் இடமும் தெரியவந்தது.

1869-ன் பறவையைச் சேகரித்தவரோ, இழுப்பறையில் வைத்தவரோ சோம்பேறிகள் இல்லை. "இங்கே எப்போதும் இருப்பதுதான்" என்று நினைத்தார்கள், அவ்வளவே. அதே வாக்கியம்! ரவுண்டும் டிம்மின்ஸும் செய்தது நேர் எதிரான காரியம். தெரியாததைத் தெரியாதது என்றே வைத்துக்கொண்டு, இறகையும் ஒலியையும் பத்திரப்படுத்தினார்கள்.

மறுப்புகளுக்கு

"புதிதாக வருகிறவர்களை இப்படிப் பயமுறுத்தினால் அடுத்த முறை வர மாட்டார்கள். முதல் நாளே நாற்பது பெயர் எழுதினால்தான் உற்சாகம் வரும்" என்று சில மூத்தவர்கள் சொல்வதுண்டு. இதில் நியாயம் இருக்கிறது. பட்டியல் நீள்வது ஒரு சந்தோஷம்தான். ஆனால் நாற்பதில் ஒன்று குறைந்து முப்பத்தொன்பது ஆனால் யாரும் ஓடிப் போவதில்லை. மாறாக, "தெரியலைன்னா தெரியலைன்னே எழுதும்மா, அதுவும் நல்ல பதிவுதான்" என்று ஒரு பெரியவர் சொன்னால் புதியவருக்குத் தைரியம்தான் வரும். தெரியாதது தன் குறை இல்லை, பறவையின் குணம் என்று புரிந்துவிடும்.

"இப்போதுதான் மெர்லின் செயலி இருக்கிறதே, குரலைக் கேட்டு அதுவே பெயர் சொல்லிவிடுமே" என்பது இன்னொரு மறுப்பு. 2021-லிருந்து அந்த வசதி இருக்கிறது, அருமையான வசதி. ஆனால் அது சொல்வது ஒரு யோசனை. கடன்காரரின் பெயரை யூகித்துச் சொல்லும் நண்பரைப் போல. கேட்டுக்கொள்ளலாம், பிறகு நாமே சரிபார்க்க வேண்டும். கைபேசி கேட்ட குரல் தன் காதில் விழாதவர் அதை எழுதினால், "சார் சொன்னார்" என்பது "செல்போன் சொன்னது" என்று மாறியிருக்கிறது. வேறு வித்தியாசம் இல்லை.

இன்னும் சிலர் பறவையை வெளியே வரவழைக்க அதன் குரலையே கைபேசியில் ஒலிக்க விடுகிறார்கள். எல்லோரும் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லையே என்று வாதம். தன் மரத்தைக் காப்பதற்காக ஓயாமல் குரல் கொடுக்கும் பறவையிடம், "உன் மரத்துக்கு இன்னொருவன் வந்துவிட்டான்" என்று பொய் சொல்வது அது. பத்து ரூபாய் நாணய எடையுள்ள ஒரு உயிர், பூச்சி பிடிக்க வேண்டிய காலை நேரத்தை இல்லாத எதிரியைத் தேடுவதில் செலவழிக்கிறது. இருபது பேரின் பட்டியலில் ஒரு வரிக்காக அது தேவையே இல்லை.

குழு என்ன செய்யலாம்?

பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம். நடத்திச் செல்பவர் பெயரைச் சொல்வதற்கு முன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்பதைச் சொல்லட்டும். "ரெண்டு அசை கேட்குதா? சிஸ்-லீ... மறுபடி கேளுங்க." அந்த ஒரு வாக்கியத்தில் பெயரைவிட அதிகம் இருக்கிறது.

இரண்டு கிலோமீட்டர் நடையில் ஏதாவது ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் பேசாமல் நிற்கட்டும். கதிர்க்குருவி தன் மரத்தை விட்டு எங்கும் போய்விடாது. கீழே இருப்பவர்கள்தான் அவசரப்படுகிறார்கள்.

பட்டியலைப் பகிர்ந்துகொண்ட பிறகு, ஒவ்வொருவரும் தன் பிரதியில் தான் பார்க்காத, கேட்காத பறவைகளை நீக்கட்டும். அதற்கு வசதி தளத்திலேயே இருக்கிறது. செய்கிறவர்கள்தான் குறைவு. "கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை" என்று எழுதவும் தனி இடம் இருக்கிறது. அந்த வரியைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருந்தாலே போதும்.

கடைசியாக, மூத்தவர்களும் சில சமயம் அந்த வரியை எழுதட்டும். வாய்விட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி. இருபது வருடம் பறவை பார்த்த ஒருவர் மரத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னன்னு எனக்குத் தெரியலை" என்று சொல்வதைக் கேட்கும் மாணவர், அன்று கற்றுக்கொள்வது எந்தக் கையேட்டிலும் இல்லாத பாடம்.

வருட முடிவில் எந்தக் கணக்கிலும் அனாமத்து கொஞ்சமாவது மிஞ்சும். அது கணக்கு எழுதியவரின் தோல்வி இல்லை. அனாமத்தே இல்லாமல், எல்லா வரியும் பெயரோடு, பளிச்சென்று இருக்கிற பேரேட்டைப் பார்த்தால்தான் அனுபவமுள்ள தணிக்கையாளருக்குச் சந்தேகம் வரும். தமிழ்நாட்டின் ஒரு குளிர்காலப் பறவைப் பட்டியலில் நூறு பெயர்கள் இருந்து, "இனம் தெரியாத கதிர்க்குருவி" என்று ஒரு வரிகூட இல்லையென்றால் அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

பி.கு: செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, வீட்டுப் பக்கத்திலோ கல்லூரியிலோ ஒரு வேப்பமரம் இருந்தால் காலையில் பத்து நிமிடம் அதன் கீழே நின்று பாருங்கள். பைனாகுலர் வேண்டாம். இரண்டு அசையா, மூன்று அசையா என்று மட்டும் எண்ணுங்கள். எண்ண முடியாவிட்டால் என்ன எழுத வேண்டும் என்பதுதான் தெரியுமே!